அத்தியாயம் 4: சரிவில் வீடு

மலையில் நிலம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வாங்குவது காட்சியைத்தான். மே மாதத்தில், வானம் தெளிந்த ஒரு காலையில், தரகர் கூட்டிப்போய் நிறுத்தும் மேட்டிலிருந்து பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். நின்ற இடத்திலேயே மனதுக்குள் வீடு எழும்பிவிடும். பள்ளத்தாக்கைப் பார்த்துத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, முன்னால் பலகை போட்ட திறந்த மேடை, பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி ஜீப் நிறுத்த இடம். இந்த மூன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம். கண்ணாடி வழியாக ராத்திரியில் வீட்டுச் சூடெல்லாம் போய்விடும். பலகை சில மழைக்காலங்களில் மக்கிவிடும். வெட்டிவிட்ட மண் என்றைக்காவது வீட்டுக்குள் வந்து நிற்கும்.

நான் மனதில் வைத்து எழுதுவது பழனிமலையின் மேல்மலை ஊர்களையும் (பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி பக்கம்), நீலகிரியில் ஏறத்தாழ 1,500 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர் வரை உள்ள சரிவுகளையும். தார்ச்சாலை முடிந்து, ஜீப் தடமும் முடிந்து, அதற்கு மேல் நடந்துதான் போக வேண்டும் என்கிற மாதிரி இடங்கள். கொல்லிமலை, ஜவ்வாதுமலை போன்ற உயரம் குறைந்த மலைகளுக்குக் குளிர் பற்றிய பகுதி அப்படியே பொருந்தாது. தண்ணீர், சரிவு பற்றியவை எங்கும் பொருந்தும்.

வாங்கும் முன்னே

நிலத்தைக் கோடையில் பார்ப்பதில் தப்பில்லை. முன்பணம் கொடுப்பதை மட்டும் மழை வரை தள்ளிப்போடுங்கள். கொடைக்கானல் மலைக்கு அக்டோபர், நவம்பர். நீலகிரியின் மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், அவலாஞ்சி பக்கமென்றால் ஜூலை, ஆகஸ்ட். குன்னூர், கோத்தகிரி என்று கிழக்கே வந்தால் மறுபடி நவம்பர். அடைமழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு போய், நிலத்தின் மேல் எல்லையில் நின்றுகொள்ளுங்கள். மேலேயிருந்து வரும் நீர் பரவலாக வழிகிறதா, தடம் பிடித்து ஓடுகிறதா? தடம் பிடித்து ஓடினால் கோடையில் அந்தத் தடத்தில் ஒரு சொட்டுகூட இருந்திருக்காது. செடி முளைத்து மூடியிருக்கும். தரகர் அதன்மேல் நடந்தபடியேதான் உங்களுக்கு நிலத்தைக் காட்டியிருப்பார்.

அடுத்து மரங்களின் அடியைப் பாருங்கள். அடிமரம் பள்ளத்துப் பக்கம் வளைந்து பிறகு நிமிர்ந்த மரம் ஒன்றிரண்டு எங்கும் இருக்கும். வரிசையாக எல்லாமே அப்படி நின்றால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேலிக்கல் சாய்ந்திருப்பதும், பழைய படிக்கட்டு வயலின் கல்கட்டு வயிறு தள்ளி நிற்பதும், மேட்டில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுவதும் அதே சேதியைத்தான் சொல்கின்றன. பிப்ரவரியில் சுற்றிலும் புல் காய்ந்துகிடக்க, ஓரிடம் மட்டும் பெரணியும் கோரையுமாகப் பச்சென்று இருந்தால் அங்கே ஊற்றுக் கசிவு உண்டு. குடிநீருக்கு நல்ல இடம். அதன்மேல் வீடு ஆகாது.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் விசாரிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். “இங்க எப்பவாச்சும் மண்ணு சரிஞ்சிருக்காங்க?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்பார். விற்பவர் அவருடைய பங்காளியாக இருக்கலாம். “பெருமழைக்கு வாய்க்கா எந்தப் பக்கம் திரும்புங்க?” என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

மலைச்சரிவில் உயிரிழந்தவர்களில் பலர் சரிந்த இடத்தில் இருந்தவர்கள் அல்லர். கீழே, ஓடைத் தடத்தில் இருந்தவர்கள். மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு, மேலே உடைந்த மண்ணும் பாறையும் இறங்கிவந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் சரிவு புறப்பட்ட இடத்துக்கும் அது அழித்த சூரல்மலைக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் தூரம். ஆகவே உங்கள் நிலம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு மேலே என்ன இருக்கிறது, எந்த ஓடை அதைக் கீழே இறக்கும் என்று பார்க்க வேண்டும். வறண்ட ஓடையின் கரையும், ஓடை மலையை விட்டு வெளியேறி விரியும் இடமும் மனை அல்ல. இங்கே கணக்கு ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, ஓடையைவிட எவ்வளவு உயரம் என்பதே.

மழை எவ்வளவு வரும் என்பதில் பழைய சராசரிகளை நம்ப வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பதே ஏறத்தாழ 140 செ.மீ.தான். 2009 நவம்பரில் நீலகிரியின் கிழக்குப் பகுதியில் ஒரு சில நாள் மழைக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை மட்டும் காரணமில்லை. சாலைக்கும் கட்டடத்துக்கும் வெட்டிய சரிவுகளும், அடைபட்ட வாய்க்கால்களும் அதற்குத் துணைபோயின.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா நிபந்தனைப் பட்டாவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் விற்கவே முடியாததாக இருக்கலாம். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் வரும் கிராமமா என்று கேளுங்கள். 1990இல் அமைத்த ஆணையம் அது. பட்டியலில் இருந்தால் புவியியல்–சுரங்கம், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் கருத்து வேண்டியிருக்கும். தனியார் காடுகளுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டமும், மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. உங்கள் பட்டா நிலத்து மரமே ஆனாலும் கேட்காமல் வெட்டக் கூடாது. ஜேசிபி கொண்டுவரவும், ஆழ்துளைக் கிணறு போடவும் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். “எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்” என்கிற ஒப்பந்தக்காரரை அந்த நிமிடமே அனுப்பிவிடலாம்.

சமதளம் என்னும் ஆசை

சமவெளிக்காரருக்கு வீடு என்றால் முதலில் தரையைச் சமன் செய்ய வேண்டும். மலையில் பிழை தொடங்குவதே அங்கேதான். கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி சாய்வுள்ள நிலத்தில் சரிவின் திசையில் 8 மீட்டர் அகலத்துக்கு வீடு வைத்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறத்தாழ 3 மீட்டர் ஏற்றத்தாழ்வு. அகலத்தை 4 மீட்டராகக் குறைத்தால் ஒன்றரை மீட்டர்தான். அதனால் மலைவீடு ஒடுக்கமாக, நீளமாக, சரிவின் குறுக்கே படுத்திருக்க வேண்டும். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில்பெட்டி போல் வரும். இடம் போதவில்லையென்றால் அகலத்தைக் கூட்டாதீர்கள். அரைமாடி உயர வித்தியாசத்தில் இன்னொரு துண்டைக் கீழே வையுங்கள்.

வெட்டி எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி, அதைச் சமன் செய்து, அதன்மேல் பாதி வீட்டைக் கட்டுவது இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. பின்பாதி பழைய மண்ணில், முன்பாதி கொட்டிய மண்ணில். கொட்டிய மண் எத்தனை வருடம் ஆனாலும் இறங்கும். வீடு நடுவில் விரிசல் விடும். முன்பாதியைத் தூண்களில் நிறுத்துங்கள். தூணின் அடி கொட்டிய மண்ணைக் கடந்து, கறுத்த மேல்மண்ணையும் கடந்து, கடப்பாரை நுனி ‘ணங்’ என்று சொல்லும் வரை போகட்டும். நீலகிரியில் பல இடங்களில் பாறை மீட்டர் கணக்கில் சிவந்த மக்கு மண்ணுக்குக் கீழே கிடக்கும். அங்கே பாறையைத் தேடித் தோண்டிக்கொண்டே போகாமல், மண் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவது செலவல்ல, மிச்சம்.

பின்பக்கம் வெட்டாமல் முடியாது என்றால் ஆளுயரத்துக்கு மேல் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். இரண்டு படியாக வெட்டி, நடுவில் ஒரு மீட்டர் அகலமாவது விடுங்கள். தடுப்புச் சுவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மண்ணின் எடை மட்டுமல்ல, மண்ணுக்குள் தேங்கும் நீரும்தான். சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். மண் ஜல்லியில் புகுந்து அடைக்காமல் இருக்க நடுவே வடிதுணி விரிக்க வேண்டும். அடியில் துளையிட்ட குழாய், முகத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வடிதுளை. பல கட்டடங்களில் வடிதுளைக் குழாய் இருக்கும், பின்னால் ஜல்லி இருக்காது. குழாய் நேராகக் களிமண்ணில் முட்டி நிற்கும். அது வெறும் அலங்காரம். மழை பெய்து முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். வேலை செய்கிற துளை சொட்டிக்கொண்டிருக்கும். காய்ந்திருக்கும் துளையைச் சந்தேகப்பட வேண்டும்.

சிமென்ட் சுவரைவிடக் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய கட்டு தொலைவான இடங்களுக்கு ஏற்றது. நிலத்துக் கல்லே போதும், வலை சுருட்டித் தூக்கிவர இலகு. மண் சற்று அசைந்தால் தானும் வளைந்துகொடுக்கும், நீரைத் தேக்காது. கீழ்மலையில் அதன் ஓரம் வெட்டிவேர் நடலாம்.

வீட்டுக்கு மேலே, வெட்டு விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு வாய்க்கால் எடுத்து நீரை இரு பக்கமும் திருப்பிவிடுங்கள். கூரை நீரையும் அப்படியே. சாய்கூரையின் தண்ணீர் சொட்டும் இடத்தில் மண் இருக்கக் கூடாது. கூரையோர வாய்க்கால் வழியாகத் தொட்டிக்கும், தொட்டி நிரம்பியபின் குழாய் வழியாகப் பழைய ஓடைத் தடத்துக்கும் போக வேண்டும். அங்கே விழும் இடத்தில் பெரிய கற்களைப் போட்டு வேகத்தை உடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கணக்கில்தான் உங்கள் பணத்தில் கணிசமான பங்கு போகும். வீட்டின் அழகில் இதில் ஒரு ரூபாய்கூடத் தெரியாது. போகட்டும்.

வெயிலைப் பிடிப்பது

மலைவீடு பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்கள் ஒரே குரலில் தெற்கே கண்ணாடி வை என்னும். அது 40, 50 டிகிரி அட்சரேகைக்காரர்களின் ஊர்க்கணக்கு. நாம் இருப்பது 10, 11 டிகிரியில். டிசம்பர் உச்சிவெயிலே இங்கே 56 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூனில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். கதிர் சாய்ந்து நேராக உள்ளே வருவது காலையிலும் மாலையிலும்தான். மாலையை நம்ப முடியாது, பெரும்பாலான மாதங்களில் மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். ஆகவே இங்கே கண்ணாடிக்கு உரிய திசை கிழக்கு, தென்கிழக்கு. உறைபனி விழும் ஜனவரியில் ராத்திரி வானம் தெளிந்திருக்கும், மறுநாள் காலையும் பளிச்சென்று விடியும். நமக்குச் சூடு தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான்.

கிழக்கு முகத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி போட்ட திண்ணை ஒன்று வையுங்கள். தரை கருங்கல்லோ கறுப்பு ஆக்சைடு போட்ட சிமென்ட்டோ ஆகட்டும். உள்வீட்டுக்கும் திண்ணைக்கும் நடுவே கனமான சுவர், அதில் கதவும் மேலே ஒரு சின்னச் சாளரமும். காலை ஏழரைக்கு வெயில் படத் தொடங்கினால், பத்து மணிக்குள் அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்க இதமாக இருக்கும். அப்போது கதவைத் திறந்துவிட வேண்டும். மாலையில் மூட வேண்டும். துணி காயப்போட மழைக்காலத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. மேல்மலையில் குடித்தனம் செய்தவர்களுக்குத் தெரியும், நவம்பரில் ஒரு போர்வை காய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று.

பள்ளத்தாக்குக் காட்சி மேற்கே இருந்தால்? ஒரு சன்னல் வையுங்கள். நல்ல சன்னலாக, உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில், ஒன்றே ஒன்று. ஒற்றைக் கண்ணாடி ஒன்பதங்குலச் செங்கல் சுவரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சூட்டை வெளியே விடும். இரட்டைக் கண்ணாடி அதில் ஏறக்குறைய பாதி. இரட்டைக் கண்ணாடி வாங்குவதில் பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. கோவையிலோ சென்னையிலோ காற்றை உள்ளடக்கி முத்திரையிட்ட கண்ணாடியை 2,100 மீட்டருக்கு ஏற்றினால், வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். உள்ளே இருப்பது சமவெளிக் காற்று. கண்ணாடி உப்பும், ஓரப்பசை விடும், பிறகு நடுவில் ஈரம் பூத்து நிரந்தரமாக மங்கிவிடும். எந்த உயரத்தில் பொருத்தப்போகிறீர்கள் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். அழுத்தத்தைச் சமன் செய்யும் நுண்குழாய் வைத்துத் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் ஒரே சட்டத்தில் இரண்டு தனித்தனிக் கதவுகளாக வைத்துக்கொள்வது மேல்.

மனை தேர்வதிலும் குளிருக்குப் பங்கு உண்டு. குளிர்காற்று கனமானது, ராத்திரியில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியைச் சுற்றி உறைபனி முதலில் வெளுப்பது தலைகுந்தா மாதிரித் தாழ்ந்த புல்வெளிகளில்தான். உச்சியில் காற்று அடிக்கும். இரண்டுக்கும் நடுவே இடைச்சரிவு கதகதப்பானது.

சுவர், கூரை, அடுப்பு

தோடர்களின் பழைய வீடு பீப்பாயைப் பாதியாக வகிர்ந்து கவிழ்த்தது போன்ற புல்வேய்ந்த கட்டு. வாசல், ஆள் தவழ்ந்து நுழையும் அளவு. சன்னல் கிடையாது. அதே மாதிரி இன்று யாரும் வாழப்போவதில்லை, புகையும் இருட்டும் யாருக்கும் வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் காற்று குறைவாக இருந்தால் ஆட்களின் உடற்சூடே பாதி வேலையைச் செய்துவிடும் என்ற கணக்கு இன்றைக்கும் செல்லும். பன்னிரண்டடி உயர வரவேற்பறை சமவெளிக்குச் சரி. இங்கே எட்டரை அடி போதும்.

வெள்ளைக்காரர் கட்டிய ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் அழகுதான். அதைச் சூடேற்ற அவர்கள் வண்டி வண்டியாக விறகு எரித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். கல் வேண்டுமானால் அடித்தளத்துக்கும், மழை மோதும் பக்கத்துக்கும், திண்ணையை ஒட்டிய சூடு தேக்கும் சுவருக்கும் வையுங்கள். மற்ற சுவர்களை இலகுவான மரச்சட்டத்தில் எழுப்பி நடுவில் காப்பு நிரப்பலாம். அல்லது நிலத்து மண்ணிலேயே அழுத்திய மண்கல் அறுக்கலாம். ஆரோவில் மண் கட்டடக் கழகத்தின் முறையில் பொதுவாக 5 சதவீத அளவே சிமென்ட் சேர்க்கிறார்கள், சூளை வேண்டாம். ஆனால் மேல்மலையின் கறுப்பு மேல்மண் இதற்கு ஆகாது. அதற்குக் கீழே உள்ள சிவந்த மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மண்சுவருக்கு முக்கால் மீட்டராவது தாழ்வாரப் பிதுக்கமும், இரண்டடி உயரக் கல் பீடமும் கட்டாயம். பூச்சு சுண்ணாம்பாக இருக்கட்டும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துவிடும்.

காசில் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது என்றால் அதைக் கூரைக்குள் போடுங்கள். வெறும் தகரம் தெளிந்த ராத்திரியில் காற்றைவிடவும் குளிர்ந்து, உள்பக்கம் வியர்த்து, விடிகாலையில் படுக்கையில் சொட்டும். தகரம், அதன் கீழே காற்றோட இடைவெளி, பிறகு நான்கு அங்குலமாவது காப்பு, அதற்கும் கீழே ஈரத்தடுப்புத் தாள், கடைசியில் பலகை என்ற அடுக்கு வேண்டும். காப்புக்குக் கண்ணாடிப் பஞ்சை மட்டும்தான் நினைக்க வேண்டும் என்றில்லை. மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையமே இருக்கிறது. துணிக்கு ஆகாத முரட்டுக் கம்பளியைக் கழுவி, அந்துப்பூச்சி வராமல் வெங்காரக் கரைசலில் முக்கி உலர்த்திக் கூரையில் திணிக்கலாம். கொஞ்சம் ஈரம் வாங்கினாலும் கம்பளி சூடு காக்கும். பலகைக்குத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்துப் பிறகு வெட்டும் சில்வர் ஓக் போதும். தேக்கைக் கீழேயிருந்து தூக்கிவர வேண்டியதில்லை.

திறந்த கணப்படுப்பு பார்க்க இதம். அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். மூடிய இரும்பு அடுப்பு அதே விறகில் பலமடங்கு சூடு தரும். விறகுக்குச் சோலை மரத்தைத் தொடாதீர்கள். புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் சீகை மரத்தையே, உரிய அனுமதியோடு வெட்டப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கரி மூட்டிய சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. அதன் புகையில்லாத நஞ்சு ஆட்களைத் தூக்கத்திலேயே கொன்றிருக்கிறது.

சுமை

இது தனி அத்தியாயத்துக்கே விஷயமுள்ளது. ஜீப் தடம் முடியும் இடத்தில் உங்கள் வடிவமைப்பும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். அங்கிருந்து எல்லாமே தலைச்சுமை, அல்லது குதிரை. கொடைக்கானல் மலையில் வெள்ளகவி போன்ற ஊர்களுக்குக் குதிரைதான் லாரி. குதிரையின் இரு பக்கமும் சமமாகக் கட்ட முடிகிற பொருள் ஏறும். ஆறு மீட்டர் இரும்புக் கம்பி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது.

எனவே வரைபடம் போடும்போதே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டும் மூன்று மீட்டருக்கு மேல் நீளமில்லை, இரண்டு பேர் தூக்க முடியாத எடையில்லை. கண்ணாடி நாலடிக்கு மூன்றடி. உத்தரம் நீளமாக வேண்டுமானால் இரண்டு துண்டாகக் கொண்டுவந்து போல்ட் போட்டு இணைக்கும்படி அமையட்டும். அறையின் அகலம் நான்கு மீட்டருக்குள் நிற்பதற்கு இது இன்னொரு காரணம். ஒரு சுவருக்கு மணலும் சிமென்ட்டும் எத்தனை நடை என்று மேஸ்திரியை உட்காரவைத்து எண்ணிப் பார்த்தால், கான்கிரீட் ஆசை தானாகவே அடித்தளத்தோடு நின்றுவிடும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1940களின் கடைசியில் இமயத்தின் பித்தோராகட்டுக்குப் போய்ப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பர்மிங்காம் படிப்பெல்லாம் அங்கே உதவவில்லை. ஊர்க்காரர்கள் பக்கத்துக் கல்லையும் மண்ணையும் கொண்டு கட்டுவதைப் பார்த்துத்தான் அவர் கட்டட வேலையை மறுபடி கற்றார்.

சிமென்ட்டை அந்தந்த வாரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள், மூடுபனியில் மூட்டை கட்டிதட்டிவிடும். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். சமவெளிக் கணக்குக்குப் பலகை பிரிக்க மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீர்கள். ஜனவரியில் தொடங்கி மே முடிவதற்குள் கூரை ஏற வேண்டும். ஏறாது என்று தெரிந்தால் அடித்தளத்தோடு நிறுத்தி, வாய்க்கால்களை முடித்து, அடுத்த ஜனவரி வரை விட்டுவிடுவதே நல்லது. அந்த ஒரு மழையில் அடித்தளம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

குடிநீர், கழிவுநீர், மின்சாரம்

கூரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தாலும் 64,000 லிட்டர் கிடைக்கும். நாலு பேருக்குத் தலைக்கு 70 லிட்டர் வீதம் நாளுக்கு 280. ஜனவரி முதல் மார்ச் வரை மழையில்லாத 90 நாளுக்கு 25,200 லிட்டர் சேமிக்க இடமிருந்தால் ஊற்றை அதிகம் தொல்லை செய்யாமல் ஓட்டிவிடலாம். தொட்டியை வீட்டுக்கு மேலே, உறுதியான நிலத்தில் வையுங்கள். 25 டன் எடையைத் தளர்ந்த சரிவின் விளிம்பில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

உங்கள் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் அது கீழே யாருடைய ஊற்றிலோ சுரக்கும். தண்ணீர் ஊற்றாத, மலத்தையும் சிறுநீரையும் பிரிக்கும் உலர் கழிப்பறை மலைக்கு மிகப் பொருத்தம். திருச்சி மாவட்டம் முசிறியில் இத்தகைய கழிப்பறைகளைப் பொதுமக்களே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். குளிரில் மட்கக் கூடுதல் காலம் ஆகும் என்பதால் அறைகளைப் பெரிதாகக் கட்டி, வெயில் படும் பக்கம் வையுங்கள். குளியல், சமையல் நீருக்குச் சரளைப் படுகையில் கல்வாழை போதும்.

மின்சாரத்தில் தேவையைக் குறைப்பதுதான் பெரிய வேலை. விளக்கு, சின்னக் குளிர்பெட்டி, கணினி, கைப்பேசிக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட் போதும். மூட்டம் மூன்று நாள் தொடரும் என்று வைத்து ஐந்து யூனிட் மின்கலம் வாங்குங்கள். லித்தியம் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கெட்டுவிடும், அதனால் வீட்டுக்குள் வைக்க வேண்டும். சூரியத் தகடுகளைத் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திருப்பிவிடுங்கள், காரணம் முன்பு சொன்ன மதிய மூடுபனிதான். மின்னல் இறங்க நல்ல நிலத்தொடர்பு வேண்டும். பாறை நிலத்தில் ஒரு கம்பி போதாது.

அண்டை வீட்டார்

காட்டுமாட்டின் தடத்தில் வேலி போட்டால் வேலி நிற்காது. கரடி எண்ணெய் வாசனைக்கு வரும். நீலகிரியில் கடைக் கதவையும் சமையலறையையும் உடைத்து எண்ணெய் குடித்துப் போன கதைகள் ஏராளம். சமையலறைக் கதவு கனமாக, வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். குப்பையை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். வீட்டைச் சுற்றி விடிய விடிய எரியும் விளக்கு யாருக்கும் தேவையில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ காலம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்று பார்த்தோம். வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்குப் புல்லை ஒட்ட அறுத்து, தாழ்வார இடுக்குகளில் நெருப்புப்பொறி நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. மலைவீட்டைப் பூட்டிவைக்க முடியாது. வாய்க்காலில் விழும் இலையை மழைக்கு முன்னும் மழையிலும் யாராவது அள்ள வேண்டும். வாரம் ஒருமுறையாவது சன்னல் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பூஞ்சை பிடித்த மெத்தைதான் மிஞ்சும். ஊரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அதையும் கட்டடச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். வருடத்துக்குப் பத்து நாள் வந்து தங்குவதற்காகத்தான் என்றால் கட்ட வேண்டாம். பூம்பாறையிலோ கோத்தகிரியிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பணமும் மிச்சம், சரிவும் அப்படியே இருக்கும்.